சுட்ட மண்ணில் ஏழு மில்லிமீட்டர்

விருத்தாசலம்
14.6.2003

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பழமலைநாதன் எழுதுவது. இங்கே நானும் துர்காவும் பிள்ளைகளும் சுகம். துர்காவுக்கு மட்டும் முட்டிவலி விட்டபாடில்லை. உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மாமா எப்படி இருக்கிறார்?

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். பூத்தில் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். துப்பாக்கி என்று ஒரு வார்த்தை விழுந்தால் சாயங்காலத்துக்குள் செராமிக் எஸ்டேட் முழுக்கப் பரவிவிடும்.

அப்பாவின் ரைபிளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். லைசென்ஸ்காரர் இறந்தால் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். காரியம் முடிந்த மறுவாரமே கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். இனி என் பெயருக்கு மாற்ற, கடலூர் கலெக்டர் ஆபீஸில் மனுப் போட வேண்டும். எங்கே செய்தது, எந்தக் காலத்தது, குழல்வாய் என்ன அளவு, நம்பர் என்ன என்று மனுவில் கேட்கிறார்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது. '.315 ரைபிள்' என்கிற எழுத்து மட்டும் தப்பியிருக்கிறது. மாமா ஜபல்பூர் ஃபேக்டரியில் துப்பாக்கிகளோடே காலம் தள்ளுகிறவர். அவரைத்தான் நம்பியிருக்கிறேன்.

இன்னொன்று. வாரிசு நாம் ரெண்டு பேர். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று நீ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தீபாவளிக்குள் எல்லாம் முடிந்தால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
பழமலை

*

ஜபல்பூர்
2.7.2003

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. மாமா நலம். துர்காவை நல்லெண்ணெய் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்.

அப்பா போய் இன்னும் ரெண்டு மாசம் ஆகவில்லை. அதற்குள் உனக்குத் துப்பாக்கி நினைப்பு வந்துவிட்டதா? நீ என்றைக்கு வேட்டைக்குப் போனாய்? பன்றி உறுமினால் பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிற ஆள் நீ. தீபாவளிக்குள் என்ன அவசரம்? பட்டாசுக்குப் பதில் அதை வெடிக்கப்போகிறாயா?

உனக்கு எல்லாவற்றிலும் அவசரம்தான். அன்றைக்கும் அப்படித்தான். அப்பா உயிர் பிரிந்தது விடியற்காலை நாலு மணி. மத்தியானம் பன்னிரண்டுக்குத்தான் உன் போன் வந்தது என்று மாமா சொன்னார். அதற்குள் மணிமுத்தாற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். ஐஸ் பெட்டி விருத்தாசலத்தில் கிடைக்காதா? ரெண்டு நாள் வைத்திருந்தால் நான் வந்து முகத்தைப் பார்த்திருப்பேன். பெற்ற பெண்ணுக்குச் சாம்பலைக் காட்டினாய். நீ இதுவரை ஒரு காரணமும் சொல்லவில்லை.

ரைபிளில் அடித்திருக்கும் முத்திரைகளையும் குழல்வாய் அளவையும் அனுப்பச் சொல்கிறார் மாமா. பார்த்துவிட்டுத்தான் கையெழுத்தாம். வெள்ளைக்காரச் சர்வேயர் தாத்தாவுக்குப் பரிசாகக் கொடுத்த துப்பாக்கி. அதை விசாரிக்காமல் எப்படிக் கொடுப்பது?

அமுதவள்ளி

*

விருத்தாசலம்
12.7.2003

கலியமூர்த்தி,

நல்லா இருக்கியா? பெண்ணாடத்தில் மழை உண்டா? இங்கே வெயில் தோலை உரிக்குது.

கிடங்கு வாசலில் துப்பாக்கிக் காவலாளி வேலை காலி, சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. எப்படியாவது தீபாவளி வரைக்கும் அந்த இடத்தைப் பிடித்து வை. நீ அங்கே கிளார்க்கா உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் நேரம்.

என் நிலைமை உனக்குத் தெரியும். என் சூளையை அணைத்து ரெண்டு வருஷம் ஆகுது. கோவிந்தசாமி யூனிட்டில் தினக்கூலிக்கு மண் பிசைகிறேன். நான் வேலை கொடுத்த பையன்களோடு வரிசையில் நின்று சம்பளம் வாங்குகிறேன், மூர்த்தி. கழுத்து வரைக்கும் வெட்கம். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. தம்பி இன்னும் முதலாளி என்றுதான் அவள் நினைப்பு.

துர்கா, "உங்க அக்காகிட்ட உள்ளதைச் சொல்லுங்க, ஒடனே கையெழுத்து போடுவாங்க" என்கிறாள். சொன்னால் பரிதாபப்பட்டுப் போடுவாள். அந்தப் பரிதாபம் எனக்கு வேண்டாம். என்மேல் இருக்கிற உரிமையில் போடட்டும்.

பழமலை

*

விருத்தாசலம்
4.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நல்லெண்ணெய் தேய்த்ததில் துர்காவுக்குக் கொஞ்சம் தேவலை. உன் பேரைச் சொல்லிச் சொல்லித் தேய்க்கிறாள்.

பார்சல் பிரித்திருப்பாய். கல்லு மாதிரி ரெண்டு வில்லை இருக்கும், பயப்படாதே. ஸ்டேஷனில் போட்டோ எடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். எழுத்தைப் பார்த்து எழுதலாம் என்றால் எண்ணெய்ப் பிசுக்கில் ஒன்றும் தெரியவில்லை. நம்ம தொழில் கையில் இருக்க ஏன் அலைய வேண்டும் என்று, மறுநாள் ஈரத்துணியில் ஒரு உருண்டை வெள்ளைக் களியைச் சுற்றி எடுத்துப் போனேன். ஏட்டு விருத்தகிரி பார்த்துவிட்டு, "இன்னாய்யா, துப்பாக்கிக்கு மாவுக்கட்டு போடப் போறியா? எங்கனா ஒடிஞ்சிருக்குதா?" என்றார். ஸ்டேஷனே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று முத்திரைமேல் ஒரு அழுத்து, குழல்வாயில் ஒரு அழுத்து. நம்பரும் நன்றாகவே விழுந்துவிட்டது.

வழியில் உடையாமல் இருக்கச் சூளையில் வைத்துச் சுட்டு அனுப்பியிருக்கிறேன். எழுத்து இடம் வலமாகத் திரும்பி இருக்கும், கண்ணாடியில் காட்டிப் படிக்கவும். இன்னொரு வில்லையின் நடுவில் நிற்கும் முளைதான் குழலின் உள்ளளவு. மாமா அதை அளந்து பார்க்கட்டும்.

அன்றைய நாளைப் பற்றி எழுதியிருந்தாய். நடந்தது நடந்துவிட்டது அக்கா. அதைப் பேச எனக்குத் தெம்பு இல்லை.

பழமலை

*

ஜபல்பூர்
30.8.2003

தம்பிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

மாமா ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு கிரீடம், அதன் கீழே பி.என்.பி. என்று மூன்று ஆங்கில எழுத்து. இங்கிலாந்தில் பர்மிங்காம் சோதனைச் சாலையில் அடிக்கிற முத்திரையாம் அது. அந்த மூன்று எழுத்தும் சேர்ந்து வருவது ஐம்பத்துநாலுக்குப் பிறகுதானாம். தாத்தா செத்தது நாற்பத்தொன்பதில். செத்தவருக்கு எந்த வெள்ளைக்காரன் வந்து பரிசு கொடுத்தான்?

அது போகட்டும். லைசென்ஸில் .315 என்று இருப்பதாக நீயே எழுதியிருக்கிறாய். அது எட்டு மில்லிமீட்டர். நீ அனுப்பிய முளையை மாமா மூன்று தடவை அளந்தார். ஏழுதான். ஏழும் எட்டும் வேறு வேறு ரைபிள் என்கிறார். "ஒன் தம்பி ஸ்டேஷன்ல குடுத்தது ஒங்கப்பா துப்பாக்கி இல்ல அமுதா, கேட்டு எழுது" என்றார். அதனால் கேட்கிறேன். அப்பாவின் ரைபிள் எங்கே? யாருக்குத் தள்ளிவிட்டாய்?

இன்னொன்றும் கவனித்தேன். வில்லையின் பின்பக்கம் கோவிந்தசாமி யூனிட்டின் குத்து முத்திரை விழுந்திருக்கிறது. உன் சூளைக்கு என்ன வந்தது? சொந்தச் சூளை எரியும்போது அடுத்தவன் சூளையில் எதற்குச் சுட்டாய்? உன் ஆட்களுக்குத் தெரியக் கூடாத விஷயமா?

நீ பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் நீ எதையும் முழுதாகச் சொல்வதே இல்லை. இந்த நிலையில் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

அமுதவள்ளி

*

விருத்தாசலம்
15.9.2003

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் படித்து ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடலூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கலெக்டர் ஆபீஸில் பழைய பதிவேட்டைத் தேடிப் பிடிக்க நாலு தடவை நடந்தேன். 1938இல் தாத்தா பெயரில் இருந்தது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. 1958இல் அப்பா அதை ஒப்படைத்துவிட்டு மெட்ராஸில் ஒரு கடையில் .315 ரைபிள் வாங்கியிருக்கிறார். வெள்ளைக்காரனாவது சர்வேயராவது! அப்பா நமக்கு அளந்தது அத்தனையும் கதை. மாமா சொன்ன வருஷம் சரியாக வருகிறது. ஐம்பத்துநாலுக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் செய்தது. அப்படிப் பார்த்தால் அந்த ரைபிள் உன்னைவிட இளையது, என்னைவிட மூத்தது. பதிவேட்டில் இருக்கும் நம்பரும் வில்லையில் இருக்கும் நம்பரும் ஒன்றுதான். நகலில் கையெழுத்து வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே ஒப்பிட்டுப் பார்.

அந்த ஏழு மில்லிமீட்டர். என் மடத்தனத்தை என்ன சொல்ல! சுட்ட மண் சுருங்கும் என்று எழுதாமல் விட்டேன். நம்ம களி நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். எட்டு வைத்தால் ஏழுதான் வரும். எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை அக்கா. இந்த ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்வது கிடையாது. மாமாவுக்குத் தெரிய நியாயம் இல்லை. நீ எஸ்டேட்டில் நாலு வருஷம் பொம்மைக்கு அச்சு ஊற்றினவள். "பெருசா செய்டா, சூளை தின்னது போகத்தான் மிச்சம்" என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவள். ஜபல்பூர் ரொட்டி தின்று எல்லாம் மறந்துவிட்டதா?

கோவிந்தசாமி சூளை விஷயம் பெரிதாக ஒன்றும் இல்லை. அன்றைக்கு அங்கே சுடுவதற்குச் சூளை அடுக்கினார்கள், அதோடு சேர்த்து வைத்தேன்.

இனியாவது கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாள் நெருங்குகிறது.

பழமலை

*

விருத்தாசலம்
12.10.2003

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

துர்கா வணங்கி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டில் சண்டைதான்.

அவர் கடிதம் போட்டு நாலு வாரம் ஆகிறது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறார். திரும்பி வந்து, "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறார்.

அண்ணி, சூளை அணைந்து ரெண்டு வருஷம் ஆகிறது. அவர் கோவிந்தசாமி யூனிட்டில் கூலிக்குப் போகிறார். பெண்ணாடத்துக் கிடங்கில் காவலாளி வேலை இருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருந்தால்தான் தருவார்கள். தீபாவளியோடு கெடு முடிகிறது. மாசச் சம்பளம் என்று ஒன்றை நாங்கள் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. அவர் ரைபிளை ஆசைக்காகக் கேட்கவில்லை. உங்களிடம் சொல்ல வெட்கப்படுகிறார்.

உங்களுக்கு அவர்மேல் என்ன கோபம் இருந்தாலும் அதை என் வயிற்றில் அடித்துத் தீர்க்காதீர்கள். அதிகம் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

துர்கா

*

பெண்ணாடம்
27.10.2003

பழமலைக்கு,

நலம்தானே? சொல்ல நாக்கு எழவில்லை, அதனால் கார்டில் எழுதுகிறேன். தீபாவளி வரைக்கும் நாளைக்கு நாளைக்கு என்று மேனேஜரிடம் இழுத்துப் பார்த்தேன். இன்று காலை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒருவர் துப்பாக்கியோடு வந்து சேர்ந்துவிட்டார். உன் பேரை அடித்துவிட்டார்கள். அடுத்த இடம் எப்போது காலியாகும் என்று தெரியாது. மனசைத் தளர விடாதே.

கலியமூர்த்தி

*

ஜபல்பூர்
29.10.2003

என் அன்புத் தம்பி பழமலைக்கு,

உன் அக்கா எழுதுவது. என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, எப்படியோ இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். துர்காவின் கடிதம் தீபாவளிக்கு மறுநாள்தான் என் கைக்கு வந்தது. மாமாவின் ஆபீஸ் பையில் ஒரு வாரமாகக் கிடந்திருக்கிறது. "மறந்துட்டேன்" என்றார். கவர் பிரித்து ஒட்டியிருந்தது. அவள்மேல் கோபப்படாதே. அவள் எழுதியிருக்காவிட்டால் நான் இன்னும் பிடிவாதமாகத்தான் உட்கார்ந்திருப்பேன். நீ கூலிக்குப் போகிறாய் என்று படித்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

உன்னிடம் ஒரு பாவத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு எதுவும் மறக்கவில்லை. பார்சலைப் பிரித்து வில்லையைக் கையில் எடுத்ததுமே சுருங்கியிருக்கும் என்று தெரியும். மாமா அளந்து ஏழு என்றபோது, இல்லை எட்டு என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அப்பா முகத்தை எனக்குக் காட்டாமல் எரித்தவன் கொஞ்ச நாள் திருடன் பட்டத்தோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். நம்பரை ஒப்பிட்டு நீ நிரூபித்த பிறகும் பேனாவை எடுக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம் தம்பி. உன் பிள்ளைகளின் சோறு அதில் இருக்கிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. துர்கா கடிதத்தை மறைத்தவர் வேறு எதையும் மறைத்திருப்பாரோ? அன்றைக்கு நீ எத்தனை மணிக்கு போன் செய்தாய்? எடுத்தது யார்? என்ன பேசினீர்கள்? நான் குளித்துக்கொண்டிருந்தேனோ, தூங்கினேனோ, எதுவும் நினைவில்லை. இங்கே கேட்டால் கத்துகிறார். நீ சொல். இனி நீ எதை எழுதினாலும் அதை அப்படியே நம்புவேன். அப்பா மேல் ஆணை.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிற,
அக்கா

*

விருத்தாசலம்
8.11.2003

மூர்த்தி,

உன் கார்டு வந்தது. நீ செய்ய வேண்டியதைச் செய்தாய். எனக்கு உன்மேல் ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லோரும் நலமா?

அக்கா கையெழுத்து நேற்று வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும்.

அன்றைக்கு நான் போன் செய்தது காலை அஞ்சு மணிக்கு. பூத்துக்காரனைக் கதவைத் தட்டி எழுப்பிப் பேசினேன். எடுத்தது அக்கா வீட்டுக்காரர், தேவநாதன் மாமா. அப்பா போயிட்டாரு, அக்காவைக் கூப்பிடுங்க என்றேன். "அவ தூங்குறா. இப்ப சொன்னா அவளுக்கு ஒடம்புக்கு ஆவாது. டிக்கெட்டும் கெடைக்காது. ரெண்டு நாளு பொணத்த வச்சிக்கிட்டு இருக்காதீங்க, எடுத்துடுங்க. நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றார். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன், அவள் வரட்டும் என்று கெஞ்சினேன். போனை வைத்துவிட்டார். வீட்டு மாப்பிள்ளை சொல்கிறாரே என்று பெட்டியைத் திருப்பி அனுப்பினேன். அது என் தப்பு. அவர் அக்காவிடம் மத்தியானம்தான் போன் வந்தது என்று சொல்லிவிட்டார்.

நானும் அக்காவும் மனசு விட்டுப் பேசினால் அது வெளியே வந்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால்தான் ரைபிளை வைத்து என்னைத் திருடனாக்கிப் பார்த்திருக்கிறார். எனக்கு செப்டம்பரிலேயே புரிந்துவிட்டது.

இப்போது அவளே கேட்கிறாள். நான் எதை எழுதினாலும் நம்புவாளாம். எனக்கும் கை துறுதுறுக்குது மூர்த்தி. ரெண்டு வரி போதும், அந்த ஆளின் முகத்திரை கிழிந்துவிடும். அப்புறம் அக்கா என்ன செய்வாள்? ஐம்பது வயசு, சர்க்கரை உடம்பு, பிள்ளை குட்டி இல்லை. நான் கூப்பிட்டு வைத்துக்கொள்ள எனக்கே வருமானம் இல்லை. அந்தத் தெருவில் அவளோடு தமிழ் பேசுகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

நாளைக்கு அவளுக்கு எழுதப் போகிறேன்.

பழமலை

*

விருத்தாசலம்
9.11.2003

என் அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். துர்கா இப்போது முட்டிவலி இல்லாமல் நடக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கையெழுத்துக் கிடைத்தது. மனுவோடு சேர்த்துக் கடலூரில் கொடுக்கப் போகிறேன். அந்த வேலை எங்கேயும் ஓடிப்போகவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ தாமதித்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. வில்லை விஷயத்தையும் மறந்துவிடு. உன் இடத்தில் நான் இருந்தால் இதைவிட மோசமாகத்தான் செய்திருப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அன்றைக்கு நான் உனக்கு போன் செய்தது மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான். அப்பா போனதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சொந்தக்காரர்கள் எடுத்துவிடலாம் என்றார்கள், சரி என்றேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்கிற நினைப்பே அப்புறம்தான் வந்தது. போனை எடுத்த மாமா, "ஏம்பா காலையிலேயே சொல்லல?" என்று என்னைத்தான் திட்டினார். இத்தனை மாசம் உன்னிடம் சொல்லாமல் மழுப்பியது என் கோழைத்தனம். மாமாமேல் ஒரு தப்பும் இல்லை, அவரைச் சந்தேகப்படாதே. கடிதத்தை உன்னிடம் கொடுக்க மறந்திருப்பார், வயசாகிறது.

அப்பா முகத்தை உனக்குக் காட்டாமல் போனவன் நான்தான். திட்டுவதானால் என்னைத் திட்டு. மாத்திரையை விடாமல் போடு. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் தம்பி
பழமலைநாதன்